பள்ளி விடுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுதியில் 16 வருடம் காப்பாளராக, அதாவது வார்டனாக, இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். சேர்க்கை நேரம் வந்தால் இன்றும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் போன் செய்கிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் பெற்றோர் கேட்டவை. சில பிள்ளைகள் கேட்டவை. ஒன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த வார்டன் கேட்டது.

விடுதியில ஒரு நாள் எப்படிப் போகும்? காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னதான் செய்வாங்க?

மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுப்பார்கள். எழுப்பும் மணி, குளியல், படுக்கை மடிப்பு, தலை எண்ணிக்கை, சாப்பாடு, பள்ளி. மாலையில் விளையாட்டு, கைகால் கழுவல், மேற்பார்வையில் படிப்பு நேரம், இரவுச் சாப்பாடு, விளக்கணைப்பு. எந்த நாட்டு விடுதியானாலும் ஏறத்தாழ இதுதான்; நேரங்கள் முன்னே பின்னே இருக்கும்.

ஆனால் அந்த அட்டவணை சுவரில் ஒட்டுவதற்கு. பிள்ளை நிஜமாக வாழ்வது அதன் இடுக்குகளில். விளையாட்டு முடிந்து படிப்பு மணி அடிப்பதற்குள் கிடைக்கும் முக்கால் மணி நேரம், விளக்கை அணைத்த பிறகு தூக்கம் வரும்வரை உள்ள நேரம், விடுமுறை நாளின் மதியம். சிநேகம் பிடிப்பதும் அப்போதுதான், வம்பு வருவதும் அப்போதுதான். விடுதியைச் சுற்றிக் காட்டும்போது கட்டிடத்தையும் கட்டிலையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: "விளையாடி முடித்த பிறகு பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், அப்போது கூட இருக்கும் பெரியவர் யார்?" யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல இடம். இந்த இடுக்கு நேரம் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

எந்த வயசுல விடலாம்? ஆறாவதா, எட்டாவதா?

வயதைச் சொல்லி யாராவது அடித்துப் பேசினால் நம்பாதீர்கள். நான் பார்ப்பது மூன்று விஷயம். வீட்டாள் இல்லாத இடத்தில் நான்கைந்து இரவு தங்கியிருக்கிறதா? குளியல், தலைவாரல், துணி மடிப்பு எல்லாம் தானே செய்யுமா? வயிறு வலித்தால், பயமாக இருந்தால், அதிகம் பழகாத ஒரு பெரியவரிடம் போய் வாயைத் திறந்து சொல்லுமா? மூன்றாவதுதான் முக்கியம். முதல் இரண்டும் பத்து நாளில் பழகிவிடும்.

இன்னொன்று, முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்க வேண்டும். தன்னைக் கேட்காமல் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளைக்குத்தான் வீட்டு ஏக்கம் கடுமையாக வரும். எந்தப் பள்ளி என்பதை நீங்களே முடிவு செய்திருந்தாலும், எந்தப் பெட்டி, எந்தப் போர்வை, முதல் சந்திப்பு எந்த நாள் என்பதையாவது அதன் கையில் விடுங்கள்.

என்னென்ன கொடுத்து அனுப்பணும்? லிஸ்ட் ரெண்டு பக்கம் இருக்கு.

லிஸ்டில் உள்ளதைக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எல்லாத் துணியிலும் பெயரோ எண்ணோ தைத்துவிடுங்கள். காலுறையிலும்தான், முதலில் தொலைவது அதுதான். பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று காப்பாளரிடம். விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். வீட்டில் விரித்துப் படுத்த பழைய தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், முதல் வாரம் அதுதான் மருந்து.

முதல் வாரம். தினமும் போன்ல அழறா. "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரே பிடிவாதம். கூட்டிட்டு வந்துடலாமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வீட்டு ஏக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1688இல் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதினார். 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெர்ன் நகரிலிருந்து படிக்க வந்து, பிழைக்க மாட்டான் என்னும் நிலைக்குப் போன ஒரு மாணவன், ஊருக்குக் கிளப்பியதும் வழியிலேயே தேறிவிட்டதை அதில் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் மகள் நடிக்கவில்லை.

ஆனால் இந்த ஏக்கத்துக்கு ஒரு நேரம் உண்டு. வேலை இருக்கும்போது ஒதுங்கி நிற்கும், கை சும்மா இருக்கும்போது வந்து உட்காரும். காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மாலை இருட்டும்போது அழும். நீங்கள் போன் செய்வது சரியாக அந்த நேரத்தில்; அதனால் நாள் முழுக்க அழுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். காப்பாளரைக் கூப்பிட்டு, "மதியம் எப்படி இருந்தாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் வேறு படம் கிடைக்கும். "ஒரு வாரம் பார், பிடிக்கலேன்னா வந்துடலாம்" என்ற பேரத்தை மட்டும் வைக்காதீர்கள். அந்த ஒரு வாரமும் அவள் விடுதியைப் பார்க்க மாட்டாள், வாசலைத்தான் பார்ப்பாள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தணிந்துவிடும். தணியாமல் சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, தூக்கமில்லை, வகுப்பிலும் வெறித்துப் பார்க்கிறாள் என்றால் அது வேறு. அப்போது பிடிவாதத்தை விட வேண்டியவர்கள் நீங்கள்தான். திரும்பக் கூட்டி வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

போன் எத்தனை தடவை பண்ணலாம்?

எத்தனை தடவை என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிது. நாளும் நேரமும் நிலையாக இருக்கட்டும், சொன்ன நேரத்தில் தவறாமல் பேசுங்கள். படுக்கப் போகும் நேரம் வேண்டாம். காரணம் மேலே சொல்லிவிட்டேன். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" வரும். "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே? யாருக்குத் திட்டு விழுந்தது?" என்று கேட்டால் கதை வரும். "நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு" என்பது பாசம்தான், ஆனால் அந்தப் பாரத்தை அவள் சுமந்துகொண்டு படிக்க முடியாது.

வார்டன், மேட்ரன், ஹவுஸ் லீடர்னு ஆளாளுக்குப் பேர் சொல்றாங்க. யார்கிட்ட எதைச் சொல்லணும்?

உடம்புக்கு முடியவில்லை, துணி காணோம், உள்ளாடை பத்தவில்லை என்றால் மேட்ரன். விடுப்பு, வெளியே போக அனுமதி, அறை மாற்றம், சண்டை எல்லாம் வார்டன். லீடர் என்பவர் இன்னொரு மாணவர்; தலை எண்ணுவது, விளக்கணைப்பது போன்றவை அவர் பொறுப்பு. தண்டனை கொடுப்பது லீடரின் வேலை கிடையாது. அப்படிக் கொடுத்தால் அது லீடரின் தவறு மட்டுமில்லை, வேலையை அவர் தலையில் கட்டிவிட்டுப் போன வார்டனின் தவறு.

இந்த 'ஹவுஸ்'னா என்ன? எங்க காலத்துல ஸ்போர்ட்ஸ் டேக்கு கலர் பிரிப்பாங்க, அதுதானா?

அந்தக் கலரும் இதிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் 1440இல் தொடங்கிய ஈட்டன் பள்ளியில் உதவித்தொகை பெற்ற 70 பேர் பள்ளிக்குள்ளேயே தங்கினார்கள். காசு கட்டிப் படிக்க வந்தவர்கள் ஊருக்குள் வீடுகளில் தங்கினார்கள். ஊரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அவர்களுக்கு 'ஆப்பிடன்' என்று பெயர். அந்த வீடுகளைப் பல காலம் பெண்கள் நடத்தினார்கள். பிறகு ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆக 'ஹவுஸ்' என்பது முதலில் நிஜமாகவே ஒரு வீடு. விடுதியே இல்லாத பள்ளிகள் பின்னால் பெயரையும் நிறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

லீடர் வைப்பது இன்னும் பழையது. 1382இல் தொடங்கப்பட்ட வின்செஸ்டர் பள்ளியின் விதிகளிலேயே, ஒவ்வோர் அறையிலும் வயதிலும் விவேகத்திலும் மூத்த 3 பேராவது மற்றவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. எனக்கு அதில் பிடித்தது அந்த 3. ஒருவனிடம் கொடுத்தால் அதிகாரம் ஆகிவிடும். மூன்று பேர் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் விடுதியிலும் பெரிய அறைகளுக்கு ஒற்றை லீடர் வைப்பதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஒரே ரூம்ல 12 பேர். பையன் எப்படித் தூங்குவான்?

முதல் சில நாள் தூங்க மாட்டான், பிறகு இடி விழுந்தாலும் எழ மாட்டான். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். எழுப்பும் மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். விளக்கணைக்கும் நேரத்தோடு கணக்கு ஒத்துவராவிட்டால் விடுதியிடம் கேளுங்கள். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப் போவதால் சீக்கிரம் படுத்தாலும் கண் அசராது. சின்ன வகுப்பையும் பெரிய வகுப்பையும் ஒரே அறையில் போட்டு ஒரே நேரத்தில் விளக்கணைப்பது இரு தரப்புக்கும் தொல்லை.

அடிக்கடி பேன், சொறி, அம்மைன்னு வருதே. சுத்தமில்லாத விடுதியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நெருங்கி வாழ்ந்தால் இவை வரும். வந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விடுதியின் தரம் தெரியும். பேனுக்கு ஒருமுறை மருந்து போட்டுவிட்டு விட்டால் போதாது. ஈர் பொரிய ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும், அதனால் இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். மொட்டை அடிப்பது மருத்துவம் ஆகாது.

சொறிச் சிரங்கு இன்னும் தந்திரமானது. பூச்சி தொற்றி ஒரு மாதம் கழித்துக்கூட அரிப்பு வரலாம், இராத்திரியில் அதிகமாகும். அதனால் சொறிகிறவனுக்கு மட்டும் மருந்து தடவினால் அறையைச் சுற்றிச் சுற்றி வரும். அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் தடவி, மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடி தடவி, துணியையும் போர்வையையும் சுடுநீரில் அலச வேண்டும். அலச முடியாததை ஒரு வாரம் பையில் கட்டி வைக்கலாம். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். ஆகவே பக்கத்துக் கட்டில்காரனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தனி அறை.

எனக்கு 11 வயசு. சில நாள் ராத்திரி படுக்கையிலேயே போயிடுது. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா செத்தேன். என்ன செய்யறது?

தம்பி, 10 வயதில் நூற்றில் ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு. உன் விடுதியில் 100 பேர் இருந்தால் நீ ஒருவன் மட்டுமில்லை. சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. தூக்கத்தின் ஆழம், சிறுநீர்ப்பையின் வளர்ச்சி, பரம்பரை இவை சேர்ந்து வருவது. மேட்ரனிடம் தனியாகச் சொல். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடு. மெத்தைக்கு நீர்புகா விரிப்பு, கூடுதலாக ஒரு போர்வை, மற்றவர்கள் எழுமுன் மாற்றிக்கொள்ள வழி, இவ்வளவுதான் தேவை. மருத்துவரிடமும் இதற்கு வழி இருக்கிறது.

வார்டன்களுக்கு ஒரு வார்த்தை. நனைந்த விரிப்பை எல்லோரும் பார்க்கக் காயப் போடுகிற விடுதி எனக்குத் தெரியும். அப்படிச் செய்து எந்தப் பிள்ளைக்கும் நின்றதில்லை.

பெட்டியிலிருந்து பொருள் காணாமப் போகுது. திருடன் உள்ளேயே இருக்கானா?

பாதி தொலைந்தவை, கால்வாசி 'கேட்காமல் எடுத்தவை', மிச்சம் திருட்டு. திருட்டிலும் தேவைக்கு எடுத்தவனைவிட, எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துச் சிநேகம் பிடிக்கப் பார்த்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். எல்லோர் பெட்டியையும் கவிழ்த்துத் தேடுவது கடைசி வழி. "நாளைக் காலைக்குள் இந்த மேசையில் இருந்தால் யாரையும் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் போனபோது திரும்பி வந்த பொருள்கள்தான் அதிகம்.

வார்டன் எங்க பெட்டியைத் திறந்து பார்க்கலாமா? லெட்டரைப் படிக்கலாமா?

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதத்திலும் காரணமின்றித் தலையிடக் கூடாது என்கிறது. அதனால் பதில் 'முடியவே முடியாது' என்றும் இல்லை, 'எப்போது வேண்டுமானாலும்' என்றும் இல்லை. ஆபத்தான பொருள் இருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால் பார்க்கலாம். பெட்டிக்காரன் எதிரில், இன்னொரு பெரியவரை வைத்துக்கொண்டு, காரணத்தைச் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். கடிதத்தையும் டைரியையும் படிக்கப் பொழுதுபோக்கு காரணம் ஆகாது.

என் பையன் யாரோடயும் சேராம தனியா புத்தகம் படிச்சுட்டிருக்கானாம். பயமா இருக்கு.

தனியாக இருக்க விரும்புகிறவனும் ஒதுக்கப்பட்டவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிவார்கள். சாப்பாட்டு மேசையில் கண்டுபிடிக்கலாம். விரும்பித் தனியாக இருப்பவன் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து இடம் கொடுப்பான். ஒதுக்கப்பட்டவன் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். முதல் வகைக்கு எதுவும் செய்ய வேண்டாம், புத்தகம் தீர்ந்தால் இன்னொன்று அனுப்புங்கள். விடுதியில் கிடைக்காத அரிய பொருள் தனிமைதான். இரண்டாவது என்றால் வார்டனிடம் பேசுங்கள். அறை மாற்றத்தைவிட, இன்னொருவனோடு சேர்ந்து செய்யும்படியான ஒரு வேலை, நூலக அலமாரியோ விளையாட்டுச் சாமான் கணக்கோ, பல சமயம் காரியத்தைச் சாதிக்கும்.

சீனியர் துணி துவைக்கச் சொல்றாங்க, தண்ணி பிடிச்சுட்டு வரச் சொல்றாங்க. "எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது"ங்கறாங்க. இது ராகிங்கா, பழக்கமா?

இங்கிலாந்தின் பழைய விடுதிகளில் சின்னவர்கள் பெரியவர்களுக்கு எடுபிடி வேலை செய்வது முறையாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அது ஒழிந்தது. பழக்கம் என்பதால் ஒன்று சரியாகிவிடுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்த வேலை யாருக்கு? அறையைப் பெருக்குவது, தண்ணீர் நிரப்புவது எல்லோர் முறையிலும் வந்தால் அது பொது வேலை. ஒருவனின் சட்டையைத் துவைப்பது அவனுக்கு மட்டுமான சேவகம். அடுத்து, 'முடியாது' என்று சொன்னால் என்ன நடக்கும்? "சரி போ" என்று விட்டால் அது வெறும் கெஞ்சல். அடி, கேலி, இரவில் எழுப்புதல் என்று ஏதாவது நடக்கும் என்றால் பெயர் எதுவானாலும் அது ராகிங். நேரத்தையும் கவனியுங்கள்: ஏறத்தாழ எல்லாமே முதல் பதிலில் சொன்ன இடுக்கு நேரத்தில்தான் நடக்கும். நான் ரோந்தைக் கூட்டவில்லை. அந்த முக்கால் மணி நேரம் நடைக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன், அவ்வளவுதான்.

சொன்னா 'போட்டுக்கொடுத்தவன்'னு எல்லாரும் ஒதுக்கிடுவாங்களே சார்?

ஒதுக்குவார்கள், பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் சொன்னவன் பெயர் தெரியாமல் நடவடிக்கை எடுப்பது வார்டனின் கடமை. ஒருவனை மட்டும் அறைக்குக் கூப்பிட்டால் விடுதிக்கே தெரிந்துவிடும். எல்லோரையும் வரிசையாக, ஆளுக்கு ஐந்து நிமிடம் கூப்பிட்டு "எப்படி இருக்கே" என்று கேட்டால் யார் சொன்னான் என்று ஒருவனுக்கும் புரியாது. மாதம் ஒருமுறை இப்படிச் செய்துவந்தால், சொல்ல இருப்பவன் தன் முறைக்குக் காத்திருப்பான்.

உள்ளே யாரையும் நம்ப முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் உண்டு: இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, பிரிட்டனில் 0800 1111. விடுதியின் போனுக்குப் பக்கத்தில் அந்த எண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சக மாணவன் இல்லை, வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் மேலயே சந்தேகம். எப்படிக் கேட்கறது?

ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, தனி அறையில் தனிப் பேச்சு, "வீட்டில் சொல்லாதே" என்ற நிபந்தனை. இந்த மூன்றில் கடைசி ஒன்று இருந்தாலே போதும், எழுந்து நில்லுங்கள். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" போதும். சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் நேரே போய்ச் சண்டை போடவும் வேண்டாம். முதல்வரிடமும் குழந்தைகள் நல அமைப்பு அல்லது காவல்துறையிடமும் போங்கள். "பள்ளியின் பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள் முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அன்று மாலையே பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள்.

நான் புதுசா சேர்ந்த வார்டன். பசங்க என்கிட்ட நெருங்கவே மாட்டேங்கறாங்க. கண்டிப்பைக் குறைக்கணுமா?

கண்டிப்பு பிரச்சினை இல்லை, ஏறுமாறுதான் பிரச்சினை. நேற்று சிரித்துவிட்டு விட்ட தவறுக்கு இன்று கத்தினால் யாரும் வர மாட்டார்கள். பெயரைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள், எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பிறகு அந்த நாற்காலியும் செய்தித்தாளும்.

லீவுக்கு வந்தவன் விருந்தாளி மாதிரி இருக்கான். எங்ககூட ஒட்டவே மாட்டேங்கிறான். விடுதி எங்க பையனைப் பறிச்சுடுச்சா?

இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் கூட்டத்தில் இருந்தவனுக்கு அமைதியே அந்நியமாக இருக்கும். மணி அடிக்காமலே அதே நேரத்துக்கு எழுவான். சாப்பாட்டை யாரோ பிடுங்கப் போவதுபோல் விழுங்குவான். அவன் இல்லாதபோது அவன் அறையை மாற்றிவிட்டீர்களா என்றும் யோசியுங்கள். கட்டிலை நகர்த்துவதானாலும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தான் போனதும் வீடு தன் இடத்தை மூடிக்கொண்டது என்று தோன்றினால் பிள்ளை பேச்சைச் சுருக்கிக்கொள்ளும்.

என்னிடம் இருந்த ஒரு பையன் முதல் விடுமுறையில் தன் அறையில் தூக்கம் வராமல், தலையணையை எடுத்துக்கொண்டு தாத்தா படுத்திருந்த கூடத்துக்குப் போய்விட்டானாம். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் விடும் குறட்டை இல்லாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை; தாத்தாவின் குறட்டையில் சுகமாகத் தூங்கியிருக்கிறான். பையன் எங்களை விட்டுவிட்டுத் தாத்தாவோடு படுக்கிறான் என்று அவன் அம்மா என்னிடம் புகார் சொல்லத்தான் போன் செய்தார்.